துப்பாக்கிக் கட்டையில் விரிசல்: ஒட்டினால் நிற்குமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவரிடம் கிடைத்த .177 ஏர் ரைபிளின் இரும்புப் பகுதியையும், வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்த மரக்கட்டையையும் வைத்து வீட்டிலேயே ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கட்டையில் கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில், பின் திருகின் துளையிலிருந்து பின்னோக்கிச் சுமார் 4 அங்குலத்துக்கு விரிசல் ஓடுகிறது. ஃபெவிகால் போதுமா, அரால்டைட் வேண்டுமா, இரண்டு ஆணி அடித்துவிடலாமா என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஒட்டிய பிறகு அந்தக் கட்டையைத் தோளில் வைத்து, கன்னத்தை அதன்மேல் சாய்த்துச் சுடலாமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. பெரும்பாலும் சுடலாம். ஆனால் பசையைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று சட்டம், மற்றது விரிசலின் காரணம்.

நான் புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுபவன். பிரெஞ்சுக்காரர் காலத்து ஈட்டி மர நாற்காலிகள், தேக்கு அலமாரிகள், கால் ஒடிந்த கட்டில்கள், இவைதான் என் பிழைப்பு. துப்பாக்கிக் கட்டை பக்கவாட்டில் வந்து சேர்ந்தது. பழுதுபார்க்க உரிமம் பெற்ற ஒரு பெரியவர் இரும்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வெறும் மரத்தை மட்டும் என்னிடம் கொடுப்பார். எண்ணிப் பார்த்தால் நாற்பது கட்டைகள் தேறும், அதில் பாதிக்கு மேல் ஏர் ரைபிள். ஆகவே மரத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். இரும்பைப் பற்றி நான் சொல்லும் இடங்களில் தெரிந்த ஒருவரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைச் செய்வது மட்டுமல்ல, மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும்கூடக் குற்றம். உதிரி பாகங்களும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. உங்கள் .177 (அங்குலக் கணக்கு) அந்த 4.5 மி.மீ.தான், ஆற்றலும் எல்லைக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் மேற்கொண்டு எழுதுகிறேன். தோட்டா போட்டுச் சுடும் ரைபிளைப் பற்றி இதே கேள்வி வந்திருந்தால், வீட்டில் சேர்க்க வேண்டாம், உரிமம் பெற்றவரிடம் கொண்டுபோங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். தாத்தாவின் துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, பழுதுபார்க்கும் உரிமம் வேறு.

என் முதல் துப்பாக்கிக் கட்டையை நான் கெடுத்த கதையைச் சொன்னால் மீதி எளிதாக விளங்கும். அது ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. வால்நட் கட்டை, கைப்பிடியில் முடி போல ஒரு விரிசல். நாற்காலிக் கால் ஒட்டிப் பழகிய கைதானே என்ற நினைப்பில் துடைத்து, எப்பாக்சி (நீங்கள் கேட்ட அரால்டைட் வகை, இரண்டைக் கலந்து பூசும் பசை) விட்டு, இறுக்கிக் கட்டி, மூன்றாம் நாள் அரக்கு பாலிஷ் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒட்டிய கோடு எங்கே என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். சில மாதங்களில் கட்டை திரும்பி வந்தது. என் ஒட்டு அசையவில்லை. அதற்கு ஒரு நூல் தள்ளி, அதற்கு இணையாக, புதிதாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. பெரியவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முள்ளை எடுக்காமல் மருந்து போட்டிருக்கிறாய் தம்பி" என்றார். இரும்புப் பகுதியின் வால் நுனி, அது உட்காரக் கட்டையில் குடைந்த பள்ளத்தின், அதாவது குடைவின், பின்சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்போது அந்த நுனி உளியாக மாறி மரத்தைப் பிளந்திருக்கிறது. நான் பிளவை ஒட்டினேன், உளியை அங்கேயே விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து எந்தக் கட்டை வந்தாலும், விரிசல் எங்கே தொடங்குகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். நாரின் நீளவாக்கில் மரத்துக்கு இருக்கும் வலு, நாரை நாரிலிருந்து பிரித்து இழுக்கும் திசையில் அதற்கு இல்லை. விறகு பிளக்கும் எவருக்கும் தெரிந்த சங்கதி. துப்பாக்கிக் கட்டையில் ஆக மெல்லிய இடம் கைப்பிடி. அந்த மெல்லிய இடத்திலேயே விசைக்கும் திருகுக்கும் குடைந்து எடுத்த பிறகு, மிஞ்சுவது இரண்டு பக்கத்திலும் நிற்கும் சுவர்கள்தாம். போதாக்குறைக்கு, கட்டை அந்த இடத்தில்தான் கீழ்நோக்கி வளைகிறது. பலகையில் நார் ஓடும் திசையைப் பார்த்து வெட்டியிருந்தால் நாரும் கைப்பிடியோடு சேர்ந்து ஓடும். பலகையைச் சிக்கனம் பிடித்து வெட்டியிருந்தால் கைப்பிடியில் நார் அறுபட்டுப் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். உங்கள் கட்டையைப் பக்கவாட்டில் வைத்து ரேகையைப் பாருங்கள். ரேகைகள் கைப்பிடியின் மேல் விளிம்பில் புகுந்து இரண்டு அங்குலத்துக்குள் கீழ் விளிம்பில் வெளியேறினால், அது பிறவிக் குறை. பசை மட்டும் அதற்குப் போதாது.

ஏர் ரைபிளில் வெடிமருந்து இல்லையே, உதை எங்கே என்று கேட்கலாம். ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிள் இரண்டு தடவை உதைக்கிறது. ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் உருளைக்குள் முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது, பிஸ்டன் உருளையின் முனையில் போய் நிற்கும்போது முன்னோக்கி வெட்டுகிறது. இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் தோளுக்கு ஓர் அதிர்வாகத்தான் தெரியும். திருகுகளுக்கு அது நன்றாகத் தெரியும். முன்னும் பின்னுமாக ஆடி ஆடித் திருகுகள் தளரும், தளர்ந்த திருகு துளையை நீள்வட்டமாக்கும், அப்புறம் இரும்பு மரத்தை நேரடியாக இடிக்கத் தொடங்கும். பின் திருகின் துளையிலிருந்தே கிளம்பும் உங்கள் விரிசலுக்கு இதுவே முதல் சந்தேகம். இரண்டாவது சந்தேகமும் உண்டு. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகையில், குழல் மடங்கிய நிலையிலேயே யாராவது விசையை அழுத்திவிட்டால் குழல் வெறியோடு மேலே அடித்து மூடும். அந்த ஓர் அடியில் கைப்பிடி பிளந்து வந்த கட்டைகளைப் பார்த்திருக்கிறேன். சில சமயம் குழலே வளைந்திருக்கும். இதை மரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டையைக் கொடுத்தவரிடம் கேட்டாலும், அப்படி நடந்தது என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

இரும்பு மரத்தை எங்கே தொடுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், வீட்டில் கண்மை இருந்தால் போதும். துப்பாக்கியில் குண்டு இல்லை, ஸ்பிரிங் ஏறியிருக்கவில்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, இரும்பின் பின்முனையிலும் அடிப்பகுதியிலும் கண்மையை மிக மெல்லிசாகத் தடவுங்கள். கட்டையில் பொருத்தித் திருகுகளை முடுக்கி, பிறகு நேராகத் தூக்கி எடுங்கள். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடமெல்லாம் இரும்பு தொட்ட இடம். அடித்தளத்தில் பரவலாகக் கறுப்பு இருந்தால் மகிழ்ச்சி. பின்சுவரில் கறுப்பு இருந்தால் முள் அகப்பட்டது. உங்கள் கட்டை வேறொரு துப்பாக்கிக்காகக் குடைந்தது என்பதால், பின்சுவரில் கறுப்பு இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். அந்த இடத்தில் கூரான உளியால் அரை மி.மீ. சுரண்டிவிட்டால் வேலை முடிந்தது. தாள் ஒன்று தடையில்லாமல் நுழைந்து வர வேண்டும், அவ்வளவே. துப்பாக்கிக்காரர்கள் எல்லா ஊரிலும் இந்த இடைவெளியை விடுகிறார்கள். பார்ப்பதற்குச் சரியாகப் பொருந்தாத வேலை போலத் தெரியும். தெரியட்டும்.

அடுத்து விரிசலின் உண்மையான நீளம். கண்ணுக்கு 4 அங்குலம் என்றால் உள்ளே ஐந்தோ ஆறோ இருக்கலாம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கைப்பிடி முழுவதும் துடையுங்கள். மேற்பரப்பு நொடியில் காய்ந்துவிடும், விரிசல் மட்டும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கறுப்புக் கோடாக நிற்கும். அந்தக் கோட்டின் முனையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அரக்கு பாலிஷ் போட்ட கட்டையாக இருந்தால் ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும், எனவே மறைவான இடத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிறகு கட்டையை இரண்டு கையிலும் பிடித்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள். விரிசலின் இரு உதடுகளும் அசைந்தால் அது ஆழமானது, பசையும் உள்ளே இறங்கும். அசையவே இல்லையென்றால் மேல்தோல் விரிசலாக இருக்கலாம், அல்லது முன்பு யாரோ ஒட்டியதாகவும் இருக்கலாம். நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து இதில் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பல பேர் தோற்பது எண்ணெயில். துப்பாக்கிக்கு எண்ணெய் விட்டு, குழல் மேலே இருக்கும்படி சுவரில் சாய்த்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி நேராகக் கைப்பிடிக்குள் போகிறது. ஆண்டுக்கணக்கில் ஊறிய மரம் கறுத்து, நகம் பட்டால் குழியும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. விலை உயர்ந்த பசையும் இதற்கு விலக்கில்லை. பெயின்ட் கடையில் கிடைக்கும் சாக்குப் பொடியை (சாக்பீஸ் போன்ற வெள்ளைப் பொடி) அசிட்டோனில் குழைத்து அந்த இடத்தில் கனமாகப் பூசி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். பொடி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் எண்ணெய் வெளியே வருகிறது. பொடி வெள்ளையாகவே உதிரும் வரை திரும்பத் திரும்பப் பூச வேண்டும். ஒரு வாரம் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். சாக்குப் பொடி கிடைக்கவில்லை என்று வெற்றிலைச் சுண்ணாம்பைப் பூசிவிடாதீர்கள். தேக்கும் ஈட்டியும் அதற்குக் கறுத்துப்போகும், பிறகு அந்தக் கறையை எடுப்பது தனி வேலை. அசிட்டோன் குப்பென்று தீப்பிடிக்கும் திரவம் என்பதால் மொட்டைமாடியிலோ முற்றத்திலோ வைத்துக்கொள்ளுங்கள், சமையலறைப் பக்கம் வேண்டாம்.

இனிப் பசை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை நல்ல பசைதான். புதிதாகப் பிளந்த, சுத்தமான, உதடுகள் கச்சிதமாக மூடும் விரிசலுக்கு அது போதும். இடைவெளியை நிரப்ப அதனால் முடியாது, தொடர்ந்து பாரம் இருந்தால் மெல்ல நழுவும், எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் பிடிக்காது. உங்கள் கட்டை வயதானது என்பதால் எப்பாக்சியைத்தான் சொல்வேன். அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் வகையை வாங்குங்கள். விரைவாக இறுகுவது விரிசலின் முனை வரை இறங்குவதற்குள் பாதி வழியிலேயே கெட்டியாகிவிடும். ஃபெவிக்விக் வகைப் பசை தண்ணீர் போல ஓடி முடி அளவு விரிசலுக்குள் புகுந்துவிடும் என்பது உண்மை. ஆனால் இறுகியபின் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை அதற்கு உண்டு, அதிரும் இடத்தில் எனக்கு அது பிடிக்காது. பழைய ஆசாரிகள் காய்ச்சும் வஜ்ஜிரம் என்ற தோல் பசை என் நாற்காலிகளுக்கு இன்றும் முதல் தேர்வு. சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுத்துவிடும் என்பதால் அடுத்த தலைமுறை ஆசாரி மூட்டைப் பிரித்துச் செப்பனிட முடியும். அதே குணம்தான் துப்பாக்கிக்கு ஆகாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் கொட்டிய மழைக்குப் பிறகு, வீட்டுக்குள் தண்ணீர் நின்ற இடங்களிலிருந்து என்னிடம் வந்த நாற்காலிகள் பலவும் மூட்டு மூட்டாகக் கழன்றே வந்தன.

இங்கே ஒரு கிளைக்கதை. கடலூர் முதுநகர்ப் பக்கமிருந்து ஒருவர் கொண்டுவந்த ஏர் ரைபிள் கட்டையின் விரிசலில் கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது. முகர்ந்து பார்த்தால் குங்கிலியம். படகின் பலகை இடுக்கை அடைப்பதற்கு எண்ணெயில் காய்ச்சி எடுப்பார்களே, அதே கலவை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது, மரத்தைப் பிடித்துக்கொள்ளும் வலுவும் அதற்குக் கிடையாது. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கையில் இருக்கும் சரக்கை வைத்து வேலையை முடிப்பதில் நம் ஊருக்கு நிகர் இல்லை, அடுத்து வருகிறவனுக்குத்தான் சிரமம்.

ஒட்டும் நாளையும் நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், இது சாஸ்திரம் அல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், விரிசல் தானாக மூடிக்கொண்டதுபோல இருக்கும். ஆறிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் அது மீண்டும் வாயைத் திறக்கும். ஈர மரத்தில் ஒட்டினால், அது காய்ந்து சுருங்கும்போது ஒட்டுக்குப் பக்கத்தில் புதிய இழுவிசை உண்டாகும். எனவே கட்டையை நிழலான, காற்றோட்டமான அறையில் இரண்டு மூன்று வாரம் கிடத்தி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒட்டுவதை மாலையில் செய்யுங்கள். காலையில் பசை விட்டால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பசையைக் குமிழியாக வெளியே தள்ளும். மாலையில் நேர் எதிர். கைப்பிடியை ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, உடனே பசையை விட்டால், மரம் ஆற ஆற உள்ளே இருக்கும் காற்று சுருங்கிப் பசையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சூட்டில் பசையும் இளகி ஓடும். தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய் மரமாக இருந்தால் சூடு காட்டுவதற்கு முன் ஒரு முறை அசிட்டோன் துடைத்து, அது முழுதாக ஆவியாகும் வரை காத்திருங்கள். ஈர அசிட்டோன்மீது டிரையரைப் பிடிப்பது நெருப்போடு விளையாட்டு.

விரிசலின் நடுவில் மெல்லிய பிளேடு ஒன்றைச் செருகி, திறந்து பிடிக்கும் அளவுக்கு மட்டும் விரியுங்கள், புதிதாகப் பிளக்கும் அளவுக்குப் போக வேண்டாம். ஊசி நீக்கிய சிரிஞ்சில் எப்பாக்சியை எடுத்து மேலிருந்து விடுங்கள், கட்டையை மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். குடைவின் உட்பக்கத்தில் பசை எட்டிப் பார்த்தால் ஊடுருவிவிட்டது என்று பொருள். முன்கூட்டியே விரிசலைச் சுற்றியுள்ள பாலிஷின்மேல் மெழுகு தடவியிருந்தால் வழிந்த பசை பிறகு நகத்தாலேயே உரிந்து வரும். இறுக்குவதற்கு இரும்பு கிளாம்ப் வேண்டாம், உருண்டையான கைப்பிடியில் அது வழுக்கி மரத்தில் தழும்பைத்தான் உண்டாக்கும். பாலித்தீன் தாளைச் சுற்றி, அதன்மேல் பழைய சைக்கிள் ட்யூபை ஓர் அங்குல அகலத்துக்கு வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே அளவில் நெருக்கும். எந்தக் கிளாம்புக்கும் அந்தச் சமத்து வராது. பசை முழுவதும் பிதுங்கி வெளியே வரும் அளவுக்கு வெறியோடு முறுக்காதீர்கள், எப்பாக்சிக்கு உள்ளே கொஞ்சம் தங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் கழித்துப் பிரிக்கலாம். இரும்பைப் பொருத்திச் சுடுவதற்கு இன்னும் மூன்று நான்கு நாள் பொறுங்கள்.

ஆணி அடிக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. ஆணியும் மரத்திருகும் ஆப்பு போல நாரை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போகும், ஏற்கெனவே பிளந்திருக்கிற மரத்தை இன்னும் பிளக்கும். ஆனால் குறுக்கே ஒரு பிடிமானம் வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானது. இந்தியாவில் லீ என்ஃபீல்டு ரைபிள்களைச் செய்த இஷாப்பூர் தொழிற்சாலை, முன்கட்டை பிளக்காமல் இருக்க அதன் குறுக்கே ஒரு திருகைப் பொருத்தியது. சேகரிப்பாளர்கள் இன்றும் அதை இஷாப்பூர் திருகு என்றே அழைக்கிறார்கள். உங்களுக்கு அவ்வளவு வெளிப்படையாக வேண்டாம். ஒட்டு இறுகிய பிறகு, குடைவின் உட்பக்கத்திலிருந்து விரிசலைச் சாய்வாகக் குறுக்கே கடக்கும்படி ஒன்றோ இரண்டோ துளை போட்டு, 3 மி.மீ. மரை போட்ட பித்தளைக் கம்பியை எப்பாக்சியில் பதித்துவிடுங்கள். துளை 3.5 மி.மீ. இருக்கட்டும். எவ்வளவு ஆழம் என்று டிரில் பிட்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள், மறுபக்கம் துளைத்துக்கொண்டு வெளியே வந்த என் டிரில் பிட்டின் தழும்பு ஒரு நல்ல ஈட்டிக் கட்டையில் இன்றும் இருக்கிறது. கம்பியின் ஒரு பக்கத்தை நெடுக அரத்தால் தட்டையாக்கிவிடுங்கள். துளையின் அடியில் சிறைப்பட்ட பசை அந்த வழியாக மேலே ஏறி வரும். அப்படி வழி விடாமல் கம்பியை அழுத்தினால் பசையின் அழுத்தமே மரத்தைப் பிளந்துவிடும். கம்பியை முன்னதாக அசிட்டோனில் துடைத்துவிடுங்கள், கடையில் வாங்கும் கம்பியில் எண்ணெய் இருக்கும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் உள்ளவை இரண்டு. கைப்பிடியின் நீளவாக்கில் நான்கு அங்குலத்துக்கு ஒரே கம்பியை இறக்குவது நல்லதா என்பது ஒன்று. நான் இரண்டு கட்டையில் செய்திருக்கிறேன், இரண்டும் நிற்கின்றன. இரண்டை வைத்து விதி எழுத முடியாது, நீளமான துளை வழிதவறிப் போகும் ஆபத்தும் உண்டு. பித்தளைக்குப் பதில் முற்றிய மூங்கில் முளை அடிப்பது மற்றொன்று. மரத்தோடு மரமாக இயங்கும் என்று சொல்லும் ஆசாரிகள் என் மதிப்புக்குரியவர்கள், படகிலும் கட்டிலிலும் அவர்கள் சொல்வது சரி. துப்பாக்கியின் அதிர்வில் எனக்கு அந்த அனுபவம் போதவில்லை, ஆகவே உங்களுக்குப் பித்தளையையே சொல்கிறேன்.

நார் குறுக்கே அறுபட்டு, கைப்பிடி இரண்டு துண்டாகவே வந்திருந்தால், ஏர் ரைபிள் என்றால் ஒட்டி, கம்பி வைத்து, கவனமாகப் பயன்படுத்தலாம் என்பேன். தோட்டா ரைபிள் என்றால் புதுக் கட்டை என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. உங்களுடையது அந்த நிலையில் இல்லை என்றுதான் எழுதியிருப்பதிலிருந்து தெரிகிறது.

ஒட்டி முடித்த பிறகு திருகுத் துளைகளைக் கவனியுங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தால் கொஞ்சம் பெரிதாக்கி, உள்ளே ஒரு சிறு பித்தளைக் குழாயை எப்பாக்சியில் நிறுத்திவிடுங்கள். திருகின் தலை குழாயின்மேல் அமரும், எவ்வளவு முடுக்கினாலும் மரம் நசுங்காது. குடைவின் உட்பக்கத்துக்கும், தோளில் படும் பின்தகட்டைக் கழற்றினால் தெரியும் வெட்டு முகத்துக்கும் வார்னிஷை நீர்த்து இரண்டு மூன்று கை பூசுங்கள். வெளியே கண்ணாடி போலப் பாலிஷ் போட்டுவிட்டு இந்த இரண்டு இடத்தையும் பச்சையாக விட்டுவிடுகிறார்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரம் உள்ளே போவது அந்த வழியாகத்தான், ஏனென்றால் மரம் நாரின் வெட்டு முனை வழியாகத்தான் மிக வேகமாக ஈரம் குடிக்கிறது. வெளிப்பூச்சு உங்கள் விருப்பம். ஆளி விதை எண்ணெய் தேய்த்தால் கட்டைக்கு ஒரு நிதானமான பளபளப்பு வரும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள். ஒட்டிய கோடு மெல்லிய கறுப்பு வரியாகத் தெரியத்தான் செய்யும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதை மறைக்கப் பார்த்து, ஏற்கெனவே மெலிந்த கைப்பிடியை இன்னும் மெலிய வைத்துவிடாதீர்கள்.

இரும்புப் பக்கம் ஒரே எச்சரிக்கை. கட்டையைக் கழற்றும் உற்சாகத்தில் உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கையும் பிரித்துப் பார்க்கத் தோன்றும். ஏற்றாத நிலையிலும் அது அழுத்தத்தில்தான் அடங்கியிருக்கிறது. அதற்கென்று உள்ள அழுத்துகருவி இல்லாமல் பின்மூடியைத் திறந்தால் முகத்தை நோக்கிப் பாயும். அந்த வேலை எனக்குத் தெரியாது, தெரியாததால் நான் தொடுவதும் இல்லை. துப்பாக்கியைச் சேர்த்து முடித்ததும் விசையைச் சோதிக்கக் குழலை மடக்கிய நிலையில் அழுத்திப் பார்க்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஐம்பது குண்டுக்குப் பிறகு திருகுகளை ஒரு முறை முடுக்கிப் பாருங்கள், நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். எண்ணெய் விட்ட பிறகு சில நாள் குழல் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து வையுங்கள்.

உங்கள் படத்தில் பின் திருகுத் துளையின் இடது ஓரத்தில் ஒரு கருமை தெரிகிறது. அது எண்ணெய்க் கறையா, விளக்கின் நிழலா என்று புரியவில்லை. பசை வாங்கக் கிளம்புவதற்கு முன், பகல் வெளிச்சத்தில், கண்மை சோதனைக்குப் பிறகு, குடைவை நேர்மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எண்ணெய் என்றால் மூன்று வாரம் சாக்குப் பொடியோடு போகும், நிழல் என்றால் இந்தச் சனிக்கிழமை மாலையே ஒட்டிவிடலாம்.